பிந்தித் தொடங்குகிறவருக்கு: வன்னியில் இருந்துகொண்டு பட்டப்படிப்புக்குப் போகும் வழி

சங்கக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். போன மாரியில் அரிசி வாங்க வந்த ஒரு தம்பி, தராசுக்குப் பக்கத்தில் கிடந்த என் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வயசிலயும் படிக்க விடுவினமோ?" என்று கேட்டான். அவனுக்கு வயது 32. மேசன் வேலை, இரண்டு பிள்ளைகள், சாதாரண தரம் சித்தி. நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. பின்னேரம் திரும்பி வரச் சொல்லி, ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தோம். அன்று சொன்னதும், சொல்ல மறந்ததும்தான் இது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் உயர்தரம் எடுத்திருக்க வேண்டியவள். அந்த வருசம் எங்கே நின்றோம் என்பதை வன்னி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 29 வயதில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதினேன். 31இல் வெளிவாரிக் கலைப்பட்டத்துக்குப் (வேலையில் இருந்துகொண்டே படித்துப் பரீட்சை எழுதும் வழி) பதிந்து 35இல் முடித்தேன்.

பிந்தித் தொடங்குகிறவர்கள் "என்ன பட்டம் செய்யலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மறுவளமாகத் தொடங்குங்கள் என்பது என் புத்தி. முதலில் கடதாசி, பிறகு உங்கள் கிழமை, பட்டத்தின் பெயர் கடைசியில். இந்த ஒழுங்கில் போகாமல் நான் இழந்தது ஒன்றரை வருசம்.

கடதாசிப் பை

எங்கள் வீட்டில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் குடும்ப அட்டை, என் சாதாரண தரச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். பங்கருக்குள் இறங்கும்போதும் அம்மா அதை விட்டதில்லை. நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் வந்த அன்று பையின் மூலை கிழிந்துவிட்டது. பிறப்புப் பத்திரத்தில் என் பெயரின் கடைசி எழுத்து ஊறி, நீலமாய்ப் பரவிப் போயிற்று. பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, தெரிந்த எழுத்துகளை மட்டும் பார்த்து யாரோ பெயரை எழுதிவிட்டார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு பட்டப்படிப்புக்குப் பதியப் போனபோதுதான் அந்த ஒற்றை எழுத்து எழும்பி நின்றது. மூன்று தரம் ஒரு கந்தோருக்கு அலைந்தேன்.

ஆகவே விண்ணப்பம் கோரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதலெழுத்து ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டாலும் குறித்து வையுங்கள். சின்ன வித்தியாசமென்றால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் அது போதும். பிறப்புப் பத்திரத்தையோ அடையாள அட்டையையோ திருத்தித்தான் ஆக வேண்டுமென்று கேட்கும் இடங்களும் உண்டு. திருத்தம் மாதக் கணக்கில் எடுக்கும்.

பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவே அழிந்துபோயிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு விதானையார், பிரதேச செயலகம் என்று படியேற வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி எடுக்கலாம். இணையத்திலேயே விண்ணப்பிக்க முடியும், பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை. சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருசமும் தெரிந்திருந்தால் வேலை சுகம். மறந்திருந்தால் படித்த பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். இடம்பெயர்ந்து புத்தகங்கள் தொலைந்த பள்ளிக்கூடமென்றால் வலயக் கல்வி அலுவலகம்.

எல்லாம் கையில் வந்ததும் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். பொலித்தீன் பையை நம்பியது போதும்.

உங்கள் கிழமையில் எத்தனை மணித்தியாலம்?

இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது 50 மணித்தியால வேலை. அதில் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிக்கிற நேரம் எல்லாம் அடக்கம். பொதுப்பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளி, சிறப்புப் பட்டத்துக்கு 120. வருசத்துக்கு 30 என்று வைத்தால் 1500 மணித்தியாலம். கிழமைக்கு ஏறக்குறைய 29. வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்து, அதற்கு மேல் 29 மணித்தியாலம் என்றால் நித்திரையைத்தான் வெட்ட வேண்டும். பாதியாக, வருசத்துக்கு 15 புள்ளி என்று எடுத்தால் கிழமைக்குப் பதினான்கு பதினைந்து மணித்தியாலம். அது முடியும், ஆனால் 90 புள்ளிக்கு ஆறு வருசம் பிடிக்கும். நான் தொடங்கியது அப்படித்தான்: விடிய நாலரையிலிருந்து ஆறு வரை ஐந்து நாள், ஞாயிறு முழுப் பகல்.

ஒரு கொப்பியில் ஏழு நாளையும் கோடு போட்டு, உண்மையாகக் கிடைக்கிற நேரத்தை மட்டும் எழுதுங்கள். "இரவு பார்க்கலாம்" என்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவில் படிப்பேன் என்று சொன்ன எவரும் படித்து நான் காணவில்லை, என்னையும் சேர்த்து. வயல் இருப்பவர்கள் இன்னொரு கோடு போட வேண்டும். காலபோக விதைப்பும் தை, மாசி அறுவடையும் நடக்கிற கிழமைகளில் படிப்பு நடக்காது. அந்தக் கிழமைகளை முன்கூட்டியே வெட்டிவிட்டு மிச்சத்தில் பிரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் சூடடிக்கிற நேரம் ஒப்படையின் கடைசித் திகதி வந்து நிற்கும்.

வரும் மணித்தியாலம் பத்துக்குக் கீழே என்றால் இந்த வருசம் பட்டம் வேண்டாம். ஒரு சான்றிதழ் கற்கைநெறியோடு தொடங்குங்கள். முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிற பெண்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நல்ல முதல் படி. வேலைக்கும் அன்றைக்கே உதவும்.

இனி வழிகள்

*உயர்தரம் எழுதி உள்வாரியாகப் போவது.* தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம், வயது தடையில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. பதினெட்டு, இருபது வயதில் எழுதிய தடவைகளும் அதற்குள் அடங்கும். "ரெண்டு தரம் எழுதினனோ மூண்டு தரமோ" என்று சந்தேகமிருந்தால் முதலில் அதைத் தெளிவாக்குங்கள். சுகவீனத்தில் பாதியில் எழும்பிப் போனதை மறந்துவிட்டு இரண்டு வருசம் ரியூசனுக்குக் காசு கொட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

மாவட்டக் கணக்கு எங்களுக்குச் சாதகம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலும் அந்தப் பதினாறுக்குள் வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசாவருசம் மாவட்டவாரியாக வெளியிடும் இசட் வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கொழும்புப் புள்ளியைப் பார்த்து மனம் விடத் தேவையில்லை.

உள்வாரி என்றால் பகல் முழுக்க வகுப்பு. 80 வீத வரவு கேட்பது வழக்கம். வேலையை விட வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம். தூரமென்ற காரணம் மட்டும் இப்போது எடுபடாது. 1997இலிருந்து யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் பம்பைமடு. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். எங்கள் காலத்தில் முறிகண்டிக்கு இங்கால் இதெல்லாம் கனவு.

*திறந்த பல்கலைக்கழகம்.* வேலை பார்க்கிறவருக்கென்றே 1980இல் தொடங்கியது. தலைமையகம் நாவலையில், யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம், வவுனியாவிலும் கற்கை நிலையம். 18 வயதுக்கு மேல் யாரும் போகலாம். மேசன் தம்பிக்கு நான் காட்டிய வழி இதுதான். உயர்தரம் இல்லாதவருக்கு அடிப்படைக் கற்கைநெறிகள் இருக்கின்றன, அதை முடித்து அங்கேயே பட்டப்படிப்புக்கு ஏறலாம். பாடங்களை உங்கள் வசதிக்குப் பிரித்தும் எடுக்கலாம். புத்தகம் அவர்களே தருவார்கள், பகல் வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில். ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்படைகளும் தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளும் போதிய புள்ளிக்கு வராவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே விடமாட்டார்கள். "கடைசியில் இருந்து படிச்சுக் கட்டிவிடுவன்" என்பவருக்கு இது சரிவராது.

*வெளிவாரிப் பட்டம்.* உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி கையில் இருப்பவருக்கு. யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு என்று பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. கலைப் பாடங்களைத் தமிழிலேயே எழுதலாம். இங்கே பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் தந்து பரீட்சை வைக்கும், படிப்பிப்பது குறைவு. யாரும் "ஏன் வரவில்லை?" என்று கேட்கமாட்டார்கள். அதுதான் இதன் வசதி, அதுதான் இதன் பள்ளமும். பதிந்த கையோடு இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். நாங்கள் மூன்று பேர், ஒருவர் ஒட்டுசுட்டான், ஒருவர் விசுவமடு. மாதத்தில் ஒரு ஞாயிறு புதுக்குடியிருப்பில் ஒருவரின் வீட்டு மாமரத்தடியில் கூடுவோம். ஆளுக்கொரு அலகைப் படித்து வந்து மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்ற வெட்கத்தில் படித்தது கனக்க.

*கைத்தொழில் தெரிந்தவருக்கு.* வயரிங், வெல்டிங், வாகனத் திருத்தம் தெரிந்தவர் தேசிய தொழிற்தகைமை வழியை முதலில் பார்க்க வேண்டும். அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மட்டம் 5, 6 வரை ஏறினால், இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டமட்டத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. உயர்தரத்தை மறுபடி எழுதுவதைவிடப் பலருக்கு இது கிட்ட.

தனியார் நிறுவனம் என்றால் ஒரே கேள்வி: பட்டத்தைத் தருவது யார்? உள்ளூர் நிறுவனமே தருகிறதென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று காசு கட்டுமுன் கேளுங்கள். ஒன்றரை வருசம் இழந்தேன் என்றேனே, அதில் பாதி இப்படி ஒரு இடத்தில் கட்டிய காசோடு போனது. சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படங்களைப் பார்த்து நம்பினேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடத்தில் போன்கடை நடக்கிறது.

அரச வேலையை நினைத்துப் பட்டம் செய்கிறவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். விரும்பும் பதவிக்குக் கடைசியாக வந்த வர்த்தமானியை எடுத்து வயதெல்லையைப் பாருங்கள். பட்டம் முடிகிற வருசத்தில் உங்களுக்கு என்ன வயது என்று பக்கத்தில் எழுதுங்கள். சரிவராவிட்டால் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு வருசம் கழித்து அறிந்து உடைவதைவிட இப்போது அறிந்துகொண்டு படிப்பது நல்லது.

மொழியும் காசும்

விஞ்ஞானம், பொறியியல், வியாபாரம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். கலைப் பாடங்களிலும் ஆங்கிலம் ஒரு பாடமாக வந்து நிற்கும். பட்டத்துக்குப் பதிய ஆறு மாதம் முன்னரே ஆங்கிலத்தைத் தொடங்குங்கள். பிள்ளையின் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினேன் நான். மகள் எனக்குச் சொல்வதெழுதல் வைத்தாள். இருபதுக்கு பதினொன்று.

காசில் பதிவுக் கட்டணத்தை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். பஸ், போட்டோகொப்பி, பரீட்சைக்குப் போய்த் தங்கும் செலவு, லீவு எடுத்த நாளின் சம்பளம், இவைதான் நடுவழியில் ஆளை விழுத்தும். மகாபொல, உதவுதொகை எல்லாம் உள்வாரி மாணவருக்கு, வெளிவாரிக்கு அவை இல்லை. பதியப் போகும்போது தவணையாகக் கட்டலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

கை மறந்திருக்கும்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூளை மறந்திருக்குமென்று பயந்து பயந்து படித்தேன். மறந்திருந்தது கை. சங்கக்கடையில் எழுதுவது எண்ணும் கையெழுத்தும்தான். முதல் தரம் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை வைத்து எழுதத் தொடங்கினேன். நாற்பது நிமிசத்தில் பெருவிரலின் அடி இழுத்தது. ஒரு மணித்தியாலத்தில் எழுத்து சாய்ந்து கோழி கிளறினது போலாயிற்று. மூன்று மணித்தியாலப் பேப்பரில் ஐந்து கேள்விக்கு மூன்றுதான் முடிந்தது, அதுவும் எல்லாம் தெரிந்த பேப்பர்.

அதற்குப் பிறகு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் இருபது நிமிசத்திலிருந்து தொடங்கி, கிழமைக்குப் பத்து நிமிசம் கூட்டிக் கூட்டி நாலு மாதத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு வந்தேன். பார்த்து எழுதினாலும் பரவாயில்லை, கை பழக வேண்டும். பேனையையும் மாற்றிப் பாருங்கள். தடித்த பிடியுள்ள பேனை எனக்கு உதவியது. போனில் வாசித்தே படிக்கிற பழக்கமுள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வயது

முதல் வகுப்பில் வாசலால் நுழைந்ததும் பிள்ளைகள் எழும்பி நின்று "குட் மோர்னிங் மிஸ்" என்றார்கள். விரிவுரையாளர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் ஒரு கணம் நின்றுவிட்டு, கடைசி வாங்கில் போய் இருந்தேன். பிறகு வந்த உண்மையான சேருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. அவரை "சேர்" என்றே கூப்பிடுங்கள், "தம்பி" வாயில் வந்தாலும் விழுங்குங்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அக்கா, அண்ணை என்பார்கள், அன்ரி என்றும் ஒன்றிரண்டு வரும். கோபிக்காதீர்கள். அவர்களுடைய வாட்சப் குழுவில் உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நேரசூசி மாறினால் அறிவித்தல் பலகைக்கு முன்னம் அங்கேதான் வரும்.

உள்வாரியாகப் போகிறவர்களுக்கு: உங்களைவிடப் பத்து வயது குறைந்த சீனியர் இருப்பார். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, அமைதியாக மறுக்கலாம்.

பரீட்சை நெருங்க "குப்பி" என்று ஒரு சொல் காதில் விழும். தெரிந்த மாணவர் தெரியாதவரைக் கூட்டி வைத்துப் படிப்பிப்பதை அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் வயதுக்காரருக்கு வன்னியில் அந்தச் சொல் வேறு ஒன்று, போராளிகளின் கழுத்தில் தொங்கிய சயனைட் குப்பி. "அக்கா, இண்டைக்கு நாலு மணிக்குக் குப்பி இருக்கு, வாறியளோ?" என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு கேட்டபோது எனக்குப் பதில் வரச் சுணங்கியது. அவள் விளக்கிய பிறகுதான், மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்து ஜாம் போத்தல் குப்பி விளக்கு நினைவுக்கு வந்தது. கட்டாயம் போங்கள். விரிவுரையில் விளங்காதது அங்கே விளங்கும், கைமாறாக உங்களிடமும் அவர்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும். கணக்கியல் பிள்ளைகளுக்கு நான் சங்கக்கடையின் உண்மையான பேரேட்டைக் காட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஒளித்துப் படிக்க வேண்டாம். "பெயில் விட்டால் வெட்கம்" என்று மறைத்துப் படிப்பவர்களுக்குப் பரீட்சைக்கு முதல் நாளும் விருந்தாளி வரும். பெண்களுக்கு இது இன்னும் கூட. நான் மாமியிடம், "மாமி, ஞாயிறு பகல் எனக்கு வேணும், சமையலை நீங்கள் பாருங்கோ, சனி முழுக்க நான் பாக்கிறன்" என்று பேரம் பேசினேன். இரண்டு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் கிழமை, நாலரைக்கு அலாரம் அடிக்க முன்னமே தேத்தண்ணி வைத்துவிட்டு எழுப்பினார்.

பரீட்சைக்குப் போகிற நாள்

அனுமதி அட்டை வந்ததும் பாடங்கள், மொழிமூலம், நிலையம் சரியா என்று பாருங்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தி கையொப்பத்தை உறுதிப்படுத்த வேண்டும். விதானையாரிடமோ சமாதான நீதவானிடமோ அதை முதல் கிழமையே முடியுங்கள், கடைசி நாளில் அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார். நிலையம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ விழுந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். கார்த்திகை, மார்கழிப் பரீட்சை என்றால் இது இன்னும் முக்கியம். 2024 கார்த்திகையில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. உள்வீதியில் இருப்பவர்கள் பாலம் மூடினால் எந்தப் பக்கத்தால் ஏ9க்கு ஏறலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் முதல் இரவே பையில் வையுங்கள். நான் ஒரு பேப்பரை மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுதியிருக்கிறேன்.